ஒரே பிளைவூட் பலகையில் மேக்கர் ஸ்பேஸுக்கான காட்சி அலுமாரி

மாணவர் தாங்களே பொருட்களைச் செய்து பார்க்கும் பாடசாலைப் பட்டறையான மேக்கர் ஸ்பேஸில் அவர்கள் செய்தவற்றைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி வைப்பதில் பயனில்லை. இன்னொரு மாணவர் அதைக் கையிலெடுத்து, எப்படி இயங்குகிறது என்று திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கேற்ற திறந்த அலுமாரியை 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்றிலிருந்தே வெட்டியெடுக்கலாம்.

விலையைக் கொழும்பின் பழைய சோனகத் தெருவில் நாலு கடையில் கேட்டு, 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகையையே வாங்குங்கள். 12 மில்லிமீற்றர் பலகை மலிவுதான். ஆனால் அதே சுமைக்கு மூன்று மடங்குக்கும் மேலாகத் தொய்யும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை கொழும்பின் ஈரத்தில் ஊதிப்போகும்.

பலகையை நீளவாக்கில் நான்கு சம கீலங்களாக அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு கீலங்களில் ஆறடி வெட்டினால் பக்கப் பலகைகள் இரண்டும் கிடைக்கும். மற்ற இரண்டிலும் 31½ அங்குலத்தில் மூன்று மூன்றாக ஆறு தட்டுகள் வரும். வாள் ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரைத் தின்பதால் 32 அங்குலம் கிடைக்காது. பக்கப் பலகைகளில் மிஞ்சும் இரண்டு துண்டுகளையும் இவ்விரண்டு சதுரங்களாக்கி மூலைவிட்டமாக அறுத்தால் எட்டு முக்கோணங்கள் தேறும். அவற்றைப் பின்மூலைகளில் முடுக்கினால், முதுகுப் பலகையே இல்லாமல் சட்டம் ஆடாது நிற்கும்.

மேல், நடு, கீழ்த் தட்டுகளைத் திருகாணியால் நிலையாகப் பொருத்துங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்திருக்கட்டும். மற்ற மூன்றையும் நீளத்தில் 3 மில்லிமீற்றர் குறைத்து, துளைகளில் செருகிய ஆணிகளின் மேல் வையுங்கள். துளைகளை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, துளையிட்ட மரத்துண்டு ஒன்றையே இரு பக்கமும் அச்சாக வைத்துப் போட்டால்தான் தட்டு சாயாது. ஒரு தட்டாவது தரம் 6 மாணவரின் கண் மட்டத்தில் அமைய வேண்டும்.

தரை கழுவும் தண்ணீரை முதலில் உறிஞ்சுவது பக்கப் பலகைகளின் அடிமுனை என்பதால், அங்கே வார்னிஷை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரைப் பக்கப் பாடசாலைகளில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளுக்குச் செலவழிப்பது தகும். ஆறடி உயரமும் ஓரடி ஆழமும் உள்ள அலுமாரியில் பிள்ளை ஏறினால் அது கவிழும். ஆகவே மேற்புறத்தை இரண்டு எல் வடிவ இரும்புகளால் சுவரோடு கட்டாயம் பிணையுங்கள்.

வெளிச்சத்துக்கு 12 வோல்ற் எல்.ஈ.டி. பட்டி போதும், 230 வோல்ற் மின்சாரம் அடப்டரோடு நின்றுவிட வேண்டும், தட்டுகளுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு பொருளின் அருகிலும் செய்தவரின் பெயர், தரம் ஆகியவற்றோடு, எது முதலில் இயங்கவில்லை என்பதையும் அவரே எழுதி வைக்கட்டும்; இயங்காத அந்த முதல் வடிவத்தையும் பக்கத்தில் வைக்க இடம் விடுங்கள்.