மதம் கடந்து துணை தேட: டேட்டிங் செயலியை அமைக்கும் முறை

நானும் என் துணையும் வெவ்வேறு மதத்தினர். அறிமுகமானது செயலி வழியாகத்தான். எப்படி அமைத்தீர்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவதும் படம் ஏற்றுவதும் உங்களுக்கே தெரியும்.

படி 1: செயலி

ஒரு மதத்தினருக்கென்றே நடக்கும் சேவைகள் உண்டு. யூதர்களுக்கு 1997இல் தொடங்கிய ஜேடேட், கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்டியன் மிங்கிள், முஸ்லிம்களுக்கு மஸ். பெரும்பாலோர் அங்கே வருவதே தம் மதத்தில் துணை தேடத்தான்; நமக்கு ஆகாது. என் ஓட்டு ஓகேகியூபிட்டுக்கு. கேள்வி கேட்டுப் பொருத்தம் பார்க்கும் செயலி அது. டின்டரில் படத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போகலாம், இந்த வேலைக்கு அது போதாது.

படி 2: மதம் என்ற கட்டம்

நிரப்புங்கள். காலியாக விட்டால், பேசிப் பழகிய பிறகு விஷயம் தெரிந்து மனம் கசக்கும். வெளியே தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் மட்டும் மறைத்துவிட்டு, உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். இந்தப் பயம் வீண் இல்லை. 2016இல் ஏறத்தாழ 70,000 ஓகேகியூபிட் பயனர்களின் விவரங்களை ஆய்வாளர்கள் சிலர் அனுமதியின்றித் திரட்டி இணையத்தில் வெளியிட்டார்கள்.

படி 3: வடிகட்டியும் கேள்விகளும்

என்னை அதிக நாள் நிறுத்திவைத்த இடம் இதுதான். எல்லா மதத்தினரும் சம்மதம் என்று வடிகட்டியைத் திறந்துவைத்திருந்தேன். ஆனாலும் பட்டியல் வறண்டே கிடந்தது. வடிகட்டி இரு பக்கமும் வேலை செய்யும். எதிரில் இருப்பவர் தம் மதம் மட்டும் போதும் என்று குறித்திருந்தால், நம் பக்கம் எவ்வளவு திறந்திருந்தும் பயனில்லை.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போவார்கள் என்று ஓகேகியூபிட் காட்டும் பொருத்த விழுக்காட்டின் கணக்கும் அப்படித்தான். உங்கள் எதிர்பார்ப்பை அவர் 90 விழுக்காடு நிறைவு செய்கிறார், அவர் எதிர்பார்ப்பை நீங்கள் 40 விழுக்காடுதான் என்று வையுங்கள். 0.9ஐ 0.4ஆல் பெருக்கினால் 0.36, அதன் வர்க்கமூலம் 0.6. ஆக, பொருத்தம் 60. பதிலளித்த கேள்விகள் குறைவாக இருந்தால் இதிலிருந்தும் கொஞ்சம் கழிப்பார்கள். எனவே சோம்பல் படாமல் நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

எந்தக் கேள்விக்கு எடை கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். எந்த மதம் என்பதற்கு எடை வேண்டாம். வாழ்க்கையில் மதத்துக்கு எவ்வளவு இடம் என்பது போன்ற கேள்விகளுக்கு அதிக முக்கியத்துவம் கொடுங்கள். ஒரே அளவு பக்தியுள்ள இருவர், மதம் வேறானாலும் ஒத்துப்போவார்கள். ஒரே மதத்தில் பிறந்தும் ஒருவர் தீவிரம், மற்றவர் அலட்சியம் என்றால் தினமும் உரசல்தான்.

படி 4: அறிமுக வரி

‘எல்லா மதமும் எனக்கு ஒன்றே’ என்று எழுதாதீர்கள். அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்படி எழுதலாம்: ‘வெள்ளிதோறும் தொழுகைக்குப் போவேன். நீங்கள் வர வேண்டியதில்லை. தடுக்காமல் இருந்தால் போதும்.’ இதைப் படித்து நான்கு பேர் விலகினால் நல்லதே.

படி 5: நேரில் பார்க்குமுன்

மூன்று கேள்விகள். திருமணம் என்று வந்தால் மதம் மாறச் சொல்வீர்களா? பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? நீங்கள் இப்படித் தேடுவது வீட்டில் யாருக்காவது தெரியுமா? முதல் கேள்விக்கு ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், மாறச் சொல்வார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிள்ளைகளே வளர்ந்து தேர்ந்தெடுக்கட்டும்’ என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதுவரை என்ன பெயர், எந்த வழிபாடு என்று அடுத்ததையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை

நாத்திகர் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓகேகியூபிட்டில் நாத்திகர் என்பதும், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவரும் தனித்தனித் தெரிவுகள். உங்களுக்குப் பொருந்துவதைக் குறியுங்கள். பிறந்த மதத்தைப் பழக்கத்தில் குறித்துவிட வேண்டாம்.

இன்னொருவருக்கு வேறு தொல்லை. பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே எதிராளி மத வகுப்புக்கு அழைக்கிறாராம். அவர் வந்திருப்பது துணை தேட அல்ல, ஆள் சேர்க்க. விவாதம் செய்யாமல் தடுத்துவிட்டு, செயலி நிர்வாகத்துக்குப் புகார் அனுப்புங்கள். உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்த பிறகு தடுங்கள். சில செயலிகளில் தடுத்தவுடன் உரையாடல் மறைந்துவிடும்.