பொதுச் சர்வரில் மென்பொருள் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் துறையின் கணக்கீட்டுச் சர்வர் பொறுப்பைப் புதிதாக வந்த ஆய்வு மாணவர் ஒருவரிடம் கொடுத்தார்கள். பழக்கிவிடுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மென்பொருளை நிறுவி முடித்ததும், எல்லாருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பைத் திறந்தார். எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH) என்ற மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வரி அது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்த வரியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். பேக்கப் எடுங்கள், கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எல்லாருக்கும் ஒரே கணக்கு

வேண்டாம். கோப்பை யார் அழித்தது என்று கேட்டால், 'லேப்' அழித்தது என்றுதான் லாகில் இருக்கும்.

பெயரைப் பார்த்து எண்ணை மறப்பது

உங்கள் பெயரை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை. அதற்குத் தெரிந்தது உங்கள் யூஐடி, அதாவது பயனர் எண், மட்டும்தான். பெரும்பாலான லினக்ஸ்களில் சாதாரணப் பயனர்களுக்கு 1000இலிருந்து எண் கொடுப்பார்கள். இரண்டு கணினிகளில் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கினால், ஒன்றில் 1001 ஒருவருக்கும் இன்னொன்றில் அதே 1001 வேறொருவருக்கும் போய்விடும். நடுவில் என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாக ஹோம் கோப்புறையைப் பகிர்ந்தீர்களோ, தீர்ந்தது. வழக்கமான அமைப்பில் அது எண்ணை மட்டுமே கொண்டுபோகும். ஒருவருடைய தீசிஸ் இன்னொருவருக்குச் சொந்தமாகிவிடும்.

கடைசியாகச் சேர்ந்தவரின் கணக்கை நீக்கிவிட்டு அடுத்தவரைச் சேர்த்தாலும் இதே கதைதான். பழைய எண் புதியவருக்கு வரும், பழையவர் விட்டுப்போன கோப்புகளும் கூடவே வரும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கணக்குப் பட்டியலைத் தரும் எல்டேப் வைக்க வசதி இல்லையென்றால், ஒரு நோட்டில் யாருக்கு எந்த எண் என்றாவது எழுதி வையுங்கள்.

எல்டி_லைப்ரரி_பாத்தை ஊருக்கே பொதுவாக்குவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. ஒரு புரோகிராம் தொடங்கும்போது தனக்கு வேண்டிய பகிர்வு நூலகங்களை, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்புகளை, தேடும். எல்டி_லைப்ரரி_பாத் என்ற இந்தச் சூழல் மாறியில் ஒரு கோப்புறையைப் போட்டால், கணினியின் வழக்கமான இடங்களுக்கு முன்னால் அங்கேதான் தேடும். எந்தப் புரோகிராமுக்காகப் போட்டீர்களோ அது மட்டுமில்லை, அந்த ஷெல்லில் (நாம் தரும் கட்டளைகளை ஓட்டும் புரோகிராமில்) ஓடும் எல்லாமே அங்கேதான் முதலில் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காட்சிப்படுத்தும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். 'நூலகம் கிடைக்கவில்லை' என்று அடம்பிடித்தது. அதன் நூலகக் கோப்புறையை இந்த மாறியில் சேர்த்து, யார் உள்நுழைந்தாலும் படிக்கப்படும் புரொஃபைல்.டி கோப்புறையின் அடியில் ஒரு கோப்பாகப் போட்டேன். உடனே ஓடியது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை, "சார், கிட் வேலை செய்யல" என்று ஒருவர் வந்தார். அப்புறம் இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல். அப்புறம் வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்: சர்வருக்குள் வர முடிந்தது, அங்கிருந்து வெளியே போக முடியவில்லை. அந்த மென்பொருள் தன்னோடு லிப்கிரிப்டோ என்ற குறியாக்க நூலகத்தின் பழைய பதிப்பு ஒன்றையும் கொண்டுவந்திருந்தது. எல்லாப் புரோகிராம்களும் அதைப் பிடித்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தன. மதியத்துக்குள் கோப்பை நீக்கினேன், எல்லாம் சரியானது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சூழல் மாறி என்பது கோப்பில் வாழ்வதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லில் வாழ்கிறது. வாரக்கடைசியில், நாம் வெளியேறினாலும் ஷெல்லை ஓடவைத்திருக்கும் டிமக்ஸைத் திறந்து வைத்தவர்களிடம் பழைய மதிப்பு அப்படியே இருந்தது. அங்கிருந்து புதிதாகத் திறக்கும் ஜன்னலுக்கும் அது போகும். அதைவிட மோசம், ஜாப்களை வரிசையில் நிறுத்தி ஓட்டும் ஸ்லர்மில் ஜாப் அனுப்பும்போது அனுப்புகிறவருடைய சூழலும், தடுக்காவிட்டால், கூடவே போகிறது.

ஒரு மாணவி ஐகன்மதிப்புக் கணக்கு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே இரவில் முடிகிற ஜாப் இரண்டு மூன்று நாள் இழுத்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, விடையும் சரி. சர்வருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து, அவருடைய டிமக்ஸுக்குள் எந்த நூலகம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டெபியன் லினக்ஸில் லிப்பிளாஸ் என்ற அணிக்கணக்கு நூலகத்தின் பெயருக்குப் பின்னால் வேகமான ஓப்பன்பிளாஸ் இருந்தது. அவருடைய ஷெல்லில் மட்டும் அந்தக் காட்சி மென்பொருளோடு வந்த சாதாரண பிளாஸ் அதே பெயரில் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கணக்கு ஒற்றை த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில், நகர்ந்துகொண்டிருந்தது.

'நான் ஒழுங்காக பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே பதித்துத்தான் கட்டியிருக்கிறேன்' என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாதையைப் பதிக்க இரண்டு முறை உண்டு. பழைய ஆர்பாத் இந்த மாறிக்கு முன்னால் பார்க்கப்படும். இன்று பல லினக்ஸ்களில், கட்டும்போது நூலகங்களை இணைக்கும் லிங்கர் தானாக எழுதும் ரன்பாத்தோ மாறிக்குப் பின்னால்தான். அதாவது மாறிதான் ஜெயிக்கும்.

இன்னொன்று: புதிய பாதை, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் முக்காற்புள்ளி தொங்கும். காலியான இடத்துக்கு 'இப்போது நிற்கும் கோப்புறை' என்று பொருள். யாரோ பொதுக் கோப்புறையில் போட்டுவைத்த நூலகத்தைக்கூட உங்கள் புரோகிராம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் என்ன செய்வது? நீங்களே கட்டும் மென்பொருளுக்குப் பாதையை உள்ளேயே பதியுங்கள். கட்டியே வந்ததற்கு, உள்ளே பதிந்த பாதையை மாற்றும் பேட்ச்எல்ஃப் உதவும். அதுவும் முடியாவிட்டால், மாறியை வைத்துவிட்டு அந்த ஒரு புரோகிராமை மட்டும் தொடங்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். நிறைய மென்பொருள், நிறையப் பதிப்பு என்றால் என்விரான்மென்ட் மாட்யூல்ஸோ, டெக்சாஸின் டாக் மையத்தில் உருவான எல்மாடோ வையுங்கள். மென்பொருளின் சூழல் கேட்டவருக்கு மட்டும் ஏறும், கேட்டால் இறங்கும். மூலக்கூறுகளை உருவகப்படுத்தும் குரோமேக்ஸோடு வரும் ஜிஎம்எக்ஸ்ஆர்சி ஸ்கிரிப்டும் இந்த மாறியைத் தொடுகிறது, அதையும் பொதுக் கோப்பில் அழைக்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? கோப்பை நீக்கினால் மட்டும் போதாது. டிமக்ஸ்களை மூடச் சொல்லுங்கள், க்யூவில் காத்திருக்கும் ஜாப்களைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

பாஷ்ஆர்சியில் வணக்கம் சொல்வது

ஷெல் தொடங்கும்போது ஓடும் அந்தக் கோப்பில் எக்கோ போட்டு எதையாவது அச்சிட்டால், கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியும் ஆர்சிங்கும் சாகும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

பொதுக் கோப்புறைக்கு 777

அனுமதி பிரச்சினை என்றதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடும் 777க்குத்தான் கை போகும். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு: பல லினக்ஸ்களில் ஒவ்வொருவருக்கும் தனிக் குழு இருப்பதால், புதிய கோப்பு அவரவர் குழுவிலேயே பிறக்கிறது. கோப்புறைக்குக் குழுவின் பெயரைக் கொடுத்து, 2775 போட்டு (முதலில் உள்ள 2, புதிய கோப்பை அந்தக் கோப்புறையின் குழுவிலேயே பிறக்கவைக்கும்), புதிய கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க்கை 002 ஆக்குங்கள்.

த்ரெட் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது

40 கோர் உள்ள கணினியில் 40 எம்பிஐ (ஒரு கணக்கைப் பல பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டும் முறை) பிராசஸ், கோர்களோடு கட்டிவைக்கவும் இல்லை. ஒவ்வொன்றும் 40 த்ரெட் திறந்தால் மொத்தம் 1600. பொதுக் கோப்பில் தைரியமாகப் போடக்கூடிய மிகச் சில மாறிகளில், த்ரெட் எண்ணிக்கையைச் சொல்லும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் ஒன்று. 1 என்று வையுங்கள், வேண்டுகிறவர் கூட்டிக்கொள்ளட்டும்.