மறுநடவு உதவியுடன் மூடுபயிர் போடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாகச் சில ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள், ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பான ரிஸ்டாவின் மறுநடவு உதவியை (பழைய மரங்களை அகற்றிப் புதுக் கன்று நடுவதற்கான உதவி) நாடுவதாயின், அனுமதி கிடைக்கும்வரை ஒரு பால்மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். நிலக் கிராண்டையும் (நில உரிமைப் பத்திரம்) மைகார்டையும் (அடையாள அட்டை) கொண்டுபோய் விண்ணப்பிக்கும்போதே, மூடுபயிர் (களையை அடக்கி மண்ணைக் காக்கத் தரையில் படரவிடும் கொடி) விதையும் உதவியில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதவி மொத்தமாக அல்லாமல், வேலையைப் பார்வையிட்டபின் கட்டங்கட்டமாகவே வரும்.

மூடுபயிர்க் கொடிகளில் ஒன்றான புவேரேரியாவின் விதைத் தோல் கெட்டியானது என்பதால், கை பொறுக்காத சூடுள்ள நீரை ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்து, பருத்த விதைகளை மட்டும் பொறுக்கிப் பாறை பாஸ்பேட் உரத்துடன் கலந்து, களையெடுத்த வரிசை இடைவெளிகளில் மழைக்காலத் தொடக்கத்தில் விதையுங்கள். முக்குனா பிராக்டியேட்டா என்ற மற்றொரு மூடுபயிர்க் கொடி இன்னும் வேகமாகப் படரும். ஆனால் கன்றின்மேல் ஏறும் கொடியை விலக்க ஆளில்லாத தோட்டத்துக்கு, என் கணிப்பில், அது உகந்ததன்று. எந்தக் கொடியானாலும் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தைத் தவறாமல் துப்புரவாக வைத்திருங்கள்.