ரோபோ வந்து போனது, அறிவியல்?

ரோபோட்டிக்ஸ் கிளப் மாணவர்கள் தொடக்கப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போனால், இருப்பதிலேயே நல்ல ரோபோவைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அது ஓடும், பந்தை எடுக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று அப்புறம் கேட்டால், "ரோபோ சூப்பர்!" அவ்வளவுதான். வேடிக்கை காட்டுவதைப் பாடம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இரண்டு மோட்டாரும் ஒரு மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) சென்சாரும் உள்ள சாதாரண வண்டி போதும். சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஏதாவது நெருங்கினால் நிற்கும்படி வண்டிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, எதிரே அட்டையை நேராகப் பிடித்தால் வண்டி நிற்கும். அதே அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்? தலையணையை வைத்தால்? விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளின் ஊகங்களைப் பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது ஓட்டிப் பாருங்கள். (முந்தின நாளே நீங்களும் ஓட்டிப் பாருங்கள். எல்லாத் தலையணையும் சென்சாரை ஏமாற்றாது.)

அடுத்தது, அவசரம். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றதும் பெரிய மாணவர் லேப்டாப்பை வாங்கி அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். உதவிதான், ஆனால் அந்தப் பாடத்தின் சுவையான பகுதி அவரோடு போய்விட்டது. இரண்டு மோட்டாரையும் இடம் மாற்றிப் பொருத்தச் சொல்லலாமே! இப்போது வலப்பக்கம் இழுத்தால் கோளாறு மோட்டாரில். இன்னும் இடப்பக்கமே போனால் சக்கரத்தையோ தரையையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற சோதனை முறை, பெயர் சொல்லாமலே கைக்கு வந்துவிடும்.

ஆறு பேருக்கு ஒரு லேப்டாப் என்றால் ஒருவர் தட்டுவார், ஐவர் ஜன்னலைப் பார்ப்பார்கள். மூவருக்கு மேல் வேண்டாம். திரையோடுதான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 1967-ல் பிள்ளைகளுக்காக உருவான லோகோ என்ற கணினி மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஆமை ஒன்று உண்டு. அதற்குக் கட்டளை எழுதத் திணறிய பிள்ளைகளிடம், நீயே ஆமையாக நடந்து பார் என்றார் அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மூர் பேப்பர்ட். சதுரம் நடந்து பார்த்த பிள்ளைக்கு 90 டிகிரித் திருப்பம் காலிலேயே புரியும்.

கடைசியாக, வகுப்பாசிரியரைப் பின்பெஞ்சில் நோட்டுத் திருத்த விட்டுவிடுவது. இப்போது எந்தப் பாடம் நடக்கிறது என்று அவரிடம் முன்பே கேளுங்கள். கிளப் கிளம்பும்போது ரோபோவும் கிளம்பிவிடும். பலகையில் எழுதிய ஊகங்களும் அளவுகளும் அவர் கையில் இருந்தால், மறுநாள் அங்கிருந்து அவர் தொடரலாம்.