கட்டர் வேகம் குறைகிறதா? ஆர்மேச்சரைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

போன வாரம் ஒரு தம்பி ஏழு இஞ்ச் மரக் கட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "அண்ணே, மறுபடியும் இழுக்க மாட்டேங்குது." நான்கு மாதத்தில் இது நான்காவது தடவை. முதலில் கார்பன் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்க உரசி நிற்கும் கட்டை) மாற்றினான், அப்புறம் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய பாகம்) புதுக் கம்பி சுற்ற ரீவைண்டிங் கொடுத்தான், அது ஆறு வாரத்தில் கருகியதும் புது ஆர்மேச்சரே வாங்கிப் போட்டான், இப்போது இதுவும் திணறுகிறது என்கிறான். என் மேசையில் பிளக்கைச் சொருகி ஒன்றரை இஞ்ச் வேங்கைக் கட்டையைக் கொடுத்தேன். ஒரு திணறல் இல்லாமல் அறுத்துவிட்டது.

அங்கேயே விஷயம் முடிந்தது. கோளாறு கட்டரில் இல்லை. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதே குழியில்தான் விழுகிறார்கள், நானும் இரண்டு வருடம் அதில் கிடந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிளேடைத் திருப்பி மாட்டுவது, நட்டை இறுக்காமல் விடுவது போன்றவை முதல் நாளே தெரிந்துவிடும், அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

எப்போது வேகம் குறைகிறது என்று பார்க்காமல் கழற்றுவது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ இறுக்கமாக இருந்தாலோ பேரிங், இல்லையென்றால் கியர். லேசாகச் சுற்றினால் மரம் வைக்காமல் சும்மா ஓட விடுங்கள். சும்மா ஓடும்போதே சோர்ந்து ஓடினால் கார்பன், ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயில் என்று உள்ளே தேடலாம். சும்மா ஓடும்போது நன்றாக இருந்து மரத்தில் வைத்ததும் படுத்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிளேடும் கரண்டும். இந்த இரண்டு நிமிடத்தைச் செலவு செய்யாமல் நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறோம்.

கட்டரைக் குறை சொல்லி ஒயரை விட்டுவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அந்தத் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். புது வீட்டில் இன்னும் கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து 40 மீட்டர் ஒயர் இழுத்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ். ஒயர் கடையில் 23/76 என்று கேட்டு வாங்குவது, ஏறக்குறைய 0.75 சதுர மில்லிமீட்டர். நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், அதில் ஒன்று தொட்டால் சுட்டது. எர்த் கம்பியே கிடையாது. பாக்ஸின் அடுத்த பாயின்டில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு அவனை அறுக்கச் சொன்னேன். சும்மா இருந்தபோது 204 வோல்ட் காட்டிய மீட்டர், பிளேடு மரத்தில் இறங்கியதும் 172-க்கு வந்தது.

கணக்கு இதுதான். 40 மீட்டர் ஒயர் என்றால் கரண்ட் போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டர் செம்பு. அந்தப் பருமனில் அதன் தடை சுமார் 2 ஓம். 1400 வாட் கட்டர் சாதாரணமாக 6 ஆம்பியர் எடுக்கும், கெட்டி மரத்தில் அழுத்தினால் 10-ஐத் தொடும். அப்படியானால் ஒயரிலேயே 20 வோல்ட் போய்விடுகிறது, மீதியை ஜாயின்டுகள் தின்கின்றன. செம்பு பூசிய அலுமினிய ஒயராக இருந்தால் இன்னும் மோசம். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டிருந்தால் இழப்பு ஆறேழு வோல்ட்டோடு நின்றிருக்கும்.

230-க்குப் பதில் 172, அதாவது முக்கால் வோல்டேஜ் வந்தால் முக்கால் பலம் இருக்கும் என்று நினைக்கிறோம். இல்லை, பலம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். பலம் குறைந்ததும் நம் கை தானாகவே அழுத்துகிறது, அழுத்த அழுத்த வேகம் இறங்குகிறது, வேகம் இறங்கினால் ஆம்பியர் ஏறுகிறது, உள்ளே காற்றடிக்கும் ஃபேனும் அதே தண்டில்தான் இருக்கிறது என்பதால் சூடு ஏற ஏற காற்று குறைகிறது. கம்பி மேலிருக்கும் வார்னிஷ் கருகி சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ரீவைண்டிங் செய்து வந்த ஆர்மேச்சரை மறுபடி அதே ஒயரில் மாட்டுகிறோம். மெக்கானிக் சரியில்லை, கம்பி சரியில்லை, கம்பெனி சரியில்லை என்று ஆளாளுக்குப் பழி போடுகிறோம். யாரும் தரையில் கிடக்கும் ஒயரைப் பார்ப்பதில்லை!

நானும் அப்படித்தான் ஒரு நல்ல கட்டரை இரண்டு தடவை ரீவைண்டிங் செய்துவிட்டு, ராசியில்லாத மிஷின் என்று பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளினேன். வாங்கியவர் தன் கடையில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி ஆறு வருடம் ஓட்டினார், ஆர்மேச்சரில் கை வைக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் 30 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டுமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி), செம்பு. எர்த் கட்டாயம். நடுவில் ஜாயின்ட் வேண்டாம். மிச்சமிருக்கும் ஒயரைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு அடைந்து உறை உருகும், முழுவதையும் பிரித்துத் தரையில் போடுங்கள். சாயங்காலம் ஊரே லோ வோல்டேஜ் என்றால் அறுக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் கார்பனை மட்டும் மாற்றுவது

இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அளவு சரியாக இல்லாத கார்பனைத் தேய்த்து நுழைப்பதும் கூடாது, அது கூட்டுக்குள் சாய்ந்து நின்று பொறி பறக்கும். புதுக் கார்பன் போட்டதும் சில நிமிடம் மரமில்லாமல் ஓட விட்டால் கம்முடேட்டரின் (ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையம்) வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து உட்காரும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கம்முடேட்டரைச் சுற்றி வளையமாகத் தீப்பொறி ஓடினால் அது கார்பன் வேலை இல்லை, ஆர்மேச்சருக்குள்ளேயே ஷார்ட் இருக்கிறது, தொடர்ந்து ஓட்டினால் ஃபீல்டு காயிலையும் இழுத்துக்கொண்டு போகும்.

கம்முடேட்டரில் எமரி தேய்ப்பது

வேண்டாம். அந்தத் தூள் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் அடைந்துகொள்ளும். மிக நைஸான உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, காற்றடித்துவிடுங்கள்.

மொட்டை பிளேடு

சாணை பிடியுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

பிசின் அப்பிய பிளேடு

கூர்மை இருந்தும் இழுக்காது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஈர மரம்

அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். ஆப்பு வையுங்கள்.

மார்பிள் கட்டரில் மரப் பிளேடு

நாலு இஞ்ச் மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். பிளேடில் எழுதியிருக்கும் அளவு அதைவிடக் குறைவு என்றால் மாட்டவே மாட்டாதீர்கள், பல் தெறித்துக் கண்ணில் போகும்.

அந்தத் தம்பி புது ஒயர் வாங்கிவிட்டான். இனி யார் என்னிடம் வேகம் குறைகிறது என்று கட்டரைக் கொண்டு வந்தாலும், கூடவே அந்த ஜங்ஷன் பாக்ஸையும் ஒயரோடு எடுத்து வாருங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.