காதுகுத்தும் சிலுவைப் பச்சையும்: ஊசி படும் முன்னும் பின்னும்

பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்கும் குடும்பம் டெல்டாவில் உண்டு. ஞானஸ்நானத்தன்று தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு காதில் பொட்டுத் தங்கம் போடாத குடும்பமும் அதே தெருவில் உண்டு. இரண்டு வீட்டாரும் வேதத்தைக் காட்டித்தான் பேசுவார்கள். ஆகவே கிறிஸ்தவர்கள் காது குத்தலாமா, டாட்டூ போடலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. உங்கள் சபை எது, யாருடைய உடம்பு, யார் கை, எந்த நாள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

முதலில் வசனம்

சண்டை தொடங்குவது லேவியராகமம் 19:28-இல். செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளாதே, உடம்பில் எழுத்துக் குத்திக்கொள்ளாதே என்பது அதன் சாரம். இது சுற்றியிருந்த சனங்களின் சாவுச் சடங்கைத் தடுத்த சட்டம், நமக்குப் பொருந்தாது என்பது ஒரு கட்சி. அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தைக் கெடுக்காதே என்கிறது. 19-ஆம் வசனமோ இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. டெரிகாட்டன் சட்டை போட்டுக்கொண்டு 28-ஐ மட்டும் அழுத்தி வாசிப்பவரிடம் இதைக் கேட்கலாம்தான். வயதில் பெரியவர் என்றால் கேட்காமல் விடுவது நல்லது. எதிர்க்கட்சியும் சளைத்ததல்ல. அடுத்த வசனமான 29, மகளை வேசித்தனத்துக்கு விடாதே என்கிறது. அதையும் பழைய சட்டம் என்று தள்ளிவிடுவாயா என்பார்கள். இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் வைத்து இரண்டு பேரில் யாரும் ஜெயிக்க முடியாது.

காது, மூக்கு விஷயம் வேறு. துளை போடக் கூடாது என்று வேதத்தில் எங்கும் தடை இல்லை. ஆதியாகமம் 24-இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குக் கொடுத்தது அரைச்சேக்கல் (அந்தக் கால எடை) பொன் வளையம். எபிரேய மூலத்தின் 47-ஆம் வசனப்படி அவன் அதைப் போட்டது அவள் மூக்கில். யாத்திராகமம் 21:6-இல், எசமானை விட்டுப் போக மனமில்லாத அடிமையின் காதைக் கதவு நிலையோடு வைத்துக் கம்பியால் குத்துகிறார்கள். பொன் கன்றுக்குட்டி வார்த்ததும் காதணிகளை உருக்கித்தான் (யாத்திராகமம் 32).

அப்படியானால் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஏன் தோடு போடுவதில்லை? அவர்கள் காட்டுவது 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3. இரண்டும் பேசுவது பொன்னையும் அலங்காரத்தையும்; துளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏற்கெனவே காது குத்தியவர் அந்தச் சபைக்கு வந்தால் துளையைத் தைத்து மூடத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சபையில் யாரிடம், என்ன கேட்பது

கத்தோலிக்கத் திருச்சபையில் காதுகுத்துக்கும் தடை இல்லை, டாட்டூவுக்கும் தடை இல்லை. திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டில் டாட்டூ என்ற பேச்சே கிடையாது. தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபையிலும் சி.எஸ்.ஐ.யிலும் (தென்னிந்தியத் திருச்சபை) பெரும்பாலும் மனசாட்சிக்கு விட்டுவிடுவார்கள், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதே என்னும் ரோமர் 14-ஐக் காட்டுவார்கள். ஆனால் சபையின் சட்டம் ஒன்று, உங்கள் ஊர் ஐயரின் (போதகரின்) மனம் ஒன்று. பாடகர் குழு, ஞாயிறுபள்ளி, திடப்படுத்தல், கல்யாணம் ஆகிய நாலுக்கும் இடைஞ்சல் வருமா என்று பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். குருமடத்திலோ கன்னியர் மடத்திலோ சேரும் எண்ணமுள்ள பிள்ளை என்றால், கேட்டு முடிக்கும்வரை டாட்டூவைத் தள்ளிப் போடுங்கள்.

டாட்டூ என்றாலே உலகத்தான் வேலை என்று யாராவது சொன்னால், எகிப்தின் கொப்து கிறிஸ்தவர்களைச் சொல்லலாம். வலது மணிக்கட்டின் உட்புறம் சின்னச் சிலுவை குத்துவது அவர்களுக்குத் தலைமுறை வழக்கம், சிறுபிள்ளைகளுக்கும் குத்துவார்கள். எருசலேம் யாத்திரை போனவர்கள் நினைவுக்குச் சிலுவை குத்திக்கொண்டு திரும்புவதும் பல நூற்றாண்டுப் பழக்கம்.

காதுகுத்து: நாளும் கையும்

குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி மூன்றும் முடியட்டும். ரணஜன்னி, மஞ்சள்காமாலை-பி இரண்டுக்கும் காப்பு அதில் இருக்கிறது. அதற்கு முன் குத்தியே ஆகவேண்டிய அவசரம் எந்த நேர்ச்சைக்கும் கிடையாது.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும். அந்தப் பதினொரு நாள் நெரிசலில் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் கை கழுவக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. நேர்ச்சையைச் சாதாரண வாரநாளில் செலுத்துங்கள். வரிசையும் முக்கியம்: கடலில் கால் நனைப்பதோ குளிப்பதோ முதலில், பிறகு மொட்டை, பிறகு நல்ல தண்ணீரில் தலைக்குக் குளியல், கடைசியில்தான் காது. தலைகீழாகச் செய்தால் பச்சைப் புண்ணில் கடல்நீர் போகும். மொட்டைத் தலையில் அப்பும் சந்தனமும் வேர்வையோடு வழிந்து நேராகக் காதுத் துளையில்தான் இறங்கும். அன்று சந்தனம் வைத்தே ஆகவேண்டுமென்றால் உச்சியில் ஒரு பொட்டோடு நிறுத்துங்கள்.

யார் குத்துவது? ஆசாரி, காது குத்தும் கன் மெஷின் வைத்திருக்கும் கடை, மருத்துவர் என்று மூன்று வழி. சுத்தத்துக்கு மருத்துவர், இல்லையென்றால் சீல் பிரிக்காத ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கும் ஆள். ஆசாரி கைதான் வேண்டுமென்று தாத்தா பிடிவாதம் பிடித்தால், புதுக் கம்பி ஜோடியை நீங்களே வாங்கி, இருபது நிமிடம் கொதிக்கவைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுங்கள். சாமணம் முதலிய கருவிகளையும் அப்படிக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அது ஈடல்ல, ஆனால் முந்தின பிள்ளையின் ரத்தம் பட்ட கம்பியைவிட எவ்வளவோ மேல். கன் மெஷினின் பிளாஸ்டிக் உடம்பை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. காது மடலின் அடிச்சதையில் மட்டும் அதை அனுமதிக்கலாம், மேல் குருத்தெலும்பில் கூடவே கூடாது. மழுங்கிய முனை அங்கே குருத்தை நசுக்கும். ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்தில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிப்போகும்.

குத்தும் முன் இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்து, பிள்ளையை நேராக உட்காரவைத்து, எதிரில் நின்று மட்டம் பாருங்கள். மாமன் மடியில் சாய்ந்தபடி வைத்த புள்ளி, நிமிர்ந்ததும் ஏறி இறங்கித் தெரியும். தாய்மாமன் வேலை சீர் கொண்டுவருவது மட்டுமில்லை. ஒரு கையால் பிள்ளையின் நெற்றியையும், மறுகையால் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். ஊசி கோணிப்போவது பெரும்பாலும் பிடி தளர்ந்ததால்தான்.

முதல் தோடு 22 காரட் தங்கமோ டைட்டானியமோ இருக்கட்டும். கவரிங்கில் நிக்கல் இருக்கும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் போகாது. திருகை இறுக்கிவிடாதீர்கள். முதல் மூன்று நாள் மடல் வீங்கும், இடம் இல்லையென்றால் திருகாணி சதைக்குள் புதைந்துவிடும்.

பிறகு ஆறு வாரம் அந்தத் தோட்டைக் கழற்றக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனைச் சுத்தமான பஞ்சில் நனைத்து, காலை மாலை முன்னும் பின்னும் ஒற்றி எடுத்தால் போதும். தோட்டைச் சுற்றிவிடும் பழக்கத்தை விடுங்கள், ஆறிவரும் தோல் ஒவ்வொரு சுற்றிலும் கிழியும். ஸ்பிரிட், மஞ்சள், விபூதி மாதிரிச் சாம்பல், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். லேசான சிவப்பும் காய்ந்த வெள்ளைப் பொருக்கும் சாதாரணம். மஞ்சள் சீழ், காய்ச்சல், காதைத் தொட்டாலே அலறல் என்றால் மருத்துவர். வீட்டில் யாருக்காவது தழும்பு புடைத்து வளரும் கெலாய்டு இருந்தால், குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மூக்குத்தி ஆற நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் குத்தாதீர்கள்.

கையில் சிலுவை

பச்சை குத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படிந்த கரியைக் குழைத்து ஊசியால் குத்தினார்கள். தோலுக்கடியில் கருப்பு பச்சையாகத் தெரிவதால்தான் அந்தப் பெயர். இன்றைய மெஷினும் அதே வேலையைத்தான் செய்கிறது: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை வைப்பது. அதற்கு மேலே வைத்தால் உரிந்துபோகும், கீழே போனால் கோடு கசிந்து நீலமாகப் பரவும்.

கடைக்குள் நுழைந்ததும் வரைபட ஆல்பத்தைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள். ஊசிக் கார்ட்ரிஜ் சீலோடு இருக்கவேண்டும், மை உங்களுக்கென்று தனிச் சின்னக் கப்பில் ஊற்றப்படவேண்டும். கையுறை போட்ட கையால் செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையோடு வேலையைத் தொடர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள்காமாலை-பி தடுப்பூசி போடாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் முடித்துவிட்டுப் போவது நல்லது. சி வகைக்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லை, அங்கே கடையின் சுத்தம்தான் காப்பு. திருவிழாத் திடலில் தரையில் விரித்த பாய்க்கடை வேண்டவே வேண்டாம். பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு நல்ல கடைக்காரர் குத்தமாட்டார். நாக்கைப் பிளப்பது போன்ற வேலைகளைக் கடையில் செய்வது குற்றத்தில் போய் முடியும். 2024 டிசம்பரில் திருச்சியில் அப்படிச் செய்த கடைக்குச் சீல் வைத்து இருவரைக் கைது செய்தார்கள்.

வசனம் குத்துபவர்கள் அதிகம் சறுக்குவது எழுத்தில். முதலில் எந்த மொழிபெயர்ப்பு என்று முடிவுசெய்யுங்கள். 23-ஆம் சங்கீதம் ஒரு வீட்டில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", இன்னொரு வீட்டில் "ஆண்டவரே என் ஆயர்". கத்தோலிக்கப் பாட்டி கையைப் பிடித்து வாசித்து "இது நம்ம பைபிள் இல்லையே" என்று சொன்னால் எளிதில் அழிக்க வழி இல்லை. அடுத்தது எழுத்துரு. தமிழைத் தட்டச்சு செய்து அனுப்பினால் கடைக்காரரின் மென்பொருளில் "மேய்ப்பர்" என்பது "ேமய்ப்பர்" என்று உடையும், அவருக்கும் அது தெரியாது. வாசகத்தைப் படமாக மாற்றி அனுப்புங்கள். குத்தும் முன் தோலில் ஊதா ஸ்டென்சில் (மாதிரி அச்சு) ஒட்டியதும் தமிழ் படித்த இன்னொருவரை விட்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். செல்பி கேமரா படத்தைத் திருப்பிக் காட்டும், அதை நம்பாதீர்கள். எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ண, ணை, ஞ ஆகியவற்றின் சுழிகள் சில வருடத்தில் அடைந்து கரும்புள்ளியாகும். சிலுவை உங்களைப் பார்த்து நிமிர்ந்திருக்கவேண்டுமா, எதிரில் நிற்பவரைப் பார்த்தா என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். மணிக்கட்டில் தவறாக வைத்தால் கை தொங்கும்போது தலைகீழ்ச் சிலுவை.

இடம் தேர்வதில் வேலையை நினையுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பில் மதச் சின்னமும் பெயரும் அனுமதி. ஆனால் இடது முன்கையின் உட்புறமோ புறங்கையோதான், அதுவும் அந்த உறுப்பின் கால்பங்குக்குக் குறைவாக. வலது கை சல்யூட் கை. கொப்து முறையில் வலது மணிக்கட்டில் குத்திவிட்டு உடற்தகுதித் தேர்வில் நிற்காதீர்கள். பங்கு இளைஞர் இயக்க ரத்ததான முகாமிலும் டாட்டூ போட்ட நாளிலிருந்து 12 மாதம் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள், காது மூக்கு குத்தியவர்களுக்கும் அதே கணக்கு.

போட்டபின் மிதமான சோப்பில் நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவி, ஒற்றி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மெல்லிசாக. பொருக்கைப் பிய்த்தால் மையும் சேர்ந்து வரும். மூன்று வாரத்துக்கு ஆறு, வாய்க்கால், கோயில் குளம், கடல் எதிலும் இறங்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் டாட்டூ போட்டால் கரையில் நின்று வேடிக்கைதான். உப்பங்கழியிலும் கடலிலும் இருக்கும் விப்ரியோ கிருமி பச்சைப் புண் வழியாக ஏறினால், கல்லீரல் கெட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. சிவப்பு மையில் ஒவ்வாமை அதிகம். இயேசுவின் ரத்தத் துளி வரைகிறேன் என்று கடைக்காரர் ஆசை காட்டினாலும் கருப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. தற்காலிகம்தானே என்று கருப்பு மருதாணி போடுவதும் பாதுகாப்பல்ல. அதில் கலக்கும் தலைமயிர்ச் சாயம் தோலைக் கொப்பளிக்கவைக்கும்.

பின்னாளில் நகையும் பச்சையும் ஆகாத சபைக்கு மாறியவர்கள் லேசரை நினைப்பதுண்டு. கருப்பு மைக்கு 1064 நானோமீட்டர் லேசரில், ஆறேழு வார இடைவெளி விட்டு, பல அமர்வு ஆகும், நம் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப்போகும் அபாயமும் உண்டு. போதகரிடம் முதலில் பேசுங்கள். முழுக்கைச் சட்டை போதும் என்று அவர் சொல்லிவிட்டால் செலவும் மிச்சம், தோலும் மிச்சம்.