இடமாற்ற ஆர்டர் வந்துவிட்டது, கணக்கு நோட்டு எங்கே?

என் இரண்டாமவன் தாவரத்தின் பாகங்களை மூன்று பள்ளிகளில் மூன்று முறை படித்தான். நீள்வகுத்தலை ஒரு பள்ளியிலும் படிக்கவில்லை. கிளம்பிய ஊரில் அது அடுத்த பருவத்துப் பாடம். போய்ச் சேர்ந்த ஊரில் போன பருவமே முடித்துவிட்டார்கள். ஒருநாள் அவனை எதிரே உட்காரவைத்து 84-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னேன். தாள் முழுக்கப் புள்ளி வைத்து எண்ண ஆரம்பித்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அந்த வருடம்தான் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தோம்.

கணவர் ராணுவத்தில். இந்த நான்கு ஆண்டில் மூன்று ஊர் மாறிவிட்டோம். மூத்தவளுக்கு இப்போது பதினைந்து, இரண்டாமவனுக்குப் பதின்மூன்று, மூன்றாமவளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஆறு. போஸ்டிங் குடும்பங்களில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ‘எந்தப் பாடத்திட்டம் நல்லது’ என்பதுதான். அதைவிட முக்கியமானது, வீட்டையே பெட்டிகளில் அடைக்கும் மாதத்தில் எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூட்டை கட்டும் மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டே பாடம்: கணக்கும் வாசிப்பும். அறிவியல், வரலாறு, இன்னொரு மொழி எல்லாவற்றையும் மனச்சாட்சி உறுத்தாமல் நிறுத்திவிடுவேன். கணக்கு ஒரு படிக்கட்டு. நடுவில் ஒரு படி விட்டுப்போனால் மேலே கால் வைக்க முடியாது. வரலாறு அப்படியில்லை; இரண்டு மாதம் கழித்துத் திறந்தாலும் அந்த அரசர் அங்கேயேதான் இருப்பார். கணக்குக்கும் நீண்ட நேரம் வேண்டாம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், தினமும். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில நாட்களில்தான் பாய்ச்சலாக வருகிறது, பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்ததே நிற்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைத்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்திருக்கிறேன். அழுதது அவர்கள் மட்டுமல்ல.

பாடத்திட்டத்தில் தேதி எழுதாதீர்கள். முதல் வருடம் அழகாக அட்டவணை போட்டேன், ஜூன் 10 என்றால் பின்னம், ஜூன் 11 என்றால் தசமம். ஆர்டர் ஆறு வாரம் முன்னதாகவே வந்தது. ஜூலையில் அந்த அட்டவணையைப் பார்த்தாலே குற்றவுணர்ச்சி. இப்போது பாடங்களுக்கு எண்தான்: ஒன்று முதல் நூற்று அறுபது வரை. இன்று எண் 47 என்றால், லாரி வந்து போனபின் திறக்கும் நாளும் 48-தான். நாங்கள் ‘பின்தங்கி’ இருக்கிறோம் என்று சொல்ல அந்தத் தாளில் எதுவுமில்லை.

இனி பெட்டி. லாரியில் போகும் சாமான் வேறு, கையோடு வரும் பை வேறு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். கையோடு வருவது, ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்குப் புத்தகம், ஒரு நோட்டு, அவர்களே தேர்ந்தெடுத்த இரண்டு கதைப்புத்தகம், நால்வருக்கும் சேர்த்துச் சத்தமாக வாசிக்க ஒரு தடித்த புத்தகம், பென்சில் டப்பா. அப்புறம் கோப்பு. கோப்பை ஒருபோதும் லாரியில் ஏற்றாதீர்கள். ஒருமுறை ஏற்றினேன். சாமான் நாற்பது நாள் கழித்து வந்தது. அதற்குள் ஒரு அலுவலகத்தில் ‘இந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு முடித்ததற்கு ஆதாரம் என்ன’ என்று கேட்டு, மூத்தவளை ஒரு அறையில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அவள் நன்றாகவே எழுதினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோப்பில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு பிள்ளைக்கு மூன்று தாள் போதும்: அந்த மாதம் எழுதியதில் ஒன்று, கணக்கில் ஒரு பக்கம், வாசித்த புத்தகங்களின் பட்டியல். தவறோடு இருக்கும் பக்கத்தையே வையுங்கள்; ஆறு மாதம் கழித்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். எல்லாவற்றையும் போனில் படமெடுத்தும் வைப்பேன். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மூன்றும் அதே கோப்பின் முன்பக்கம்.

ஆர்டர் கையில் வந்த அன்றே பார்க்க வேண்டிய இன்னொன்று, போகிற இடத்தில் வீட்டுக்கல்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது. இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். பிரான்ஸில் முன்பு தகவல் தெரிவித்தால் போதும். 2022 முதல் முன் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: டெக்சஸில் யாரிடமும் பதிவுசெய்ய வேண்டியதில்லை, நியூயார்க்கில் பாடத்திட்டம் எழுதிக்கொடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுப் படைமுகாமில் இருப்பவர்களுக்கு இரு நாடுகளின் ஒப்பந்தத்தைப் பொறுத்து விதி வேறாக இருக்கலாம். ‘பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா சொன்னார்’ என்று கிளம்பாமல், விதியை எழுத்தில் வாசித்துவிடுங்கள்.

நான்கு வெவ்வேறு வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான்கு தனித்தனிப் பள்ளி நடத்தப் பார்த்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடுவீர்கள். தனித்தனியாக நடக்க வேண்டியது கணக்கும், சின்னவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குவதும்தான். மற்றதெல்லாம் ஒரே பாய், ஒரே பாடம், நான்கு விதமான வேலை. காலையில் முதல் இருபது நிமிடம் கடைக்குட்டிக்கு. பெரியவர்களை முதலில் கவனித்தால் அவன் மேசைக்கு அடியில் படுத்து எல்லோருடைய காலையும் கிள்ளுவான். முதலில் அவன் வயிறு நிறைய என் கவனம் கிடைத்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் தானே விளையாடுவான். அப்புறம் நான் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பேன். ஒரே தடவைதான். வாசித்து முடித்ததும் ஒருவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் நூறு வருடங்களுக்கு முன்பே வற்புறுத்திய முறை இது. சின்னவன் படம் வரைவான், மூன்றாமவள் ஐந்து வாக்கியம், இரண்டாமவன் ஒரு பக்கம், மூத்தவள் ‘இதில் எனக்கு ஒப்புதல் இல்லாதது’ என்று எழுதுவாள். அவளுக்கு ஒப்புதல் இல்லாதவை நிறைய.

மூத்தவளைத் தங்கைக்கும் தம்பிக்கும் வாத்தியார் ஆக்கிவிடும் ஆசை எல்லா அம்மாக்களுக்கும் வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் ஒரு வருடம் அதை மீறினேன். அவளுடைய இயற்கணிதம் அப்படியே நின்றுபோனது.

ஊர் மாறுவதே பாடமாகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் சாமானில் ஒரு மீட்டர் நீளக் குச்சி எப்போதும் இருக்கும். மார்ச் 20, 21 அல்லது செப்டம்பர் 22, 23 வாக்கில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், அதை வெட்டவெளியில் செங்குத்தாக நடுவோம். காலை பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கடைக்குட்டி ஒரு கல் வைப்பான். நிழல் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் மறுபடி நீளத் தொடங்கும். மிகக் குட்டையான நிழல்தான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். கடிகாரத்தில் பெரும்பாலும் பன்னிரண்டாக இருக்காது. ஏன் என்று மூன்றாமவள் கேட்டபோதுதான் பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது, நாடு முழுக்க ஒரே கடிகாரம் வைத்தால் கிழக்கே இருப்பவருக்கும் மேற்கே இருப்பவருக்கும் நண்பகல் தள்ளிப்போகும் என்பதெல்லாம் வந்தது.

அவள் அந்தக் குட்டை நிழலைச் சென்டிமீட்டரில் அளப்பாள். இரண்டாமவன் குச்சியையும் நிழலையும் அளவுப்படி முக்கோணமாக வரைந்து, உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளப்பான். மூத்தவள் முக்கோணவியலின் டேன் (tan) வாய்பாட்டால் அதையே கணக்கிடுவாள். அந்தக் கோணம்தான் ஊரின் அட்சரேகை. ஒரு ஊரில் நிழல் 36 செ.மீ., அதாவது சுமார் 20 பாகை. அடுத்த ஊரில் 58 செ.மீ., சுமார் 30 பாகை. ஒரு பாகைக்குத் தோராயமாக 111 கி.மீ. என்றால் நாங்கள் 1,110 கி.மீ. வடக்கே வந்திருக்கிறோம். வரைபடத்தை விரித்துச் சரிபார்த்தார்கள். எரடோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஊர்களின் நிழல் வித்தியாசத்தை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணித்தார் என்று அப்புறம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். வேறு நாட்களில் செய்தால் சூரியன் நிலநடுக்கோட்டை விட்டு விலகியிருக்கும் பாகையையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். பெரியவர்களுக்கு அது நல்ல வேலை.

புது ஊரில் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி: முகாமை ஏன் இங்கே வைத்தார்கள்? எந்த முகாமும் சும்மா முளைப்பதில்லை. துறைமுகம், மலைக்கணவாய், ரயில் சந்திப்பு, ஆற்றுப்பாலம், ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். நூலகத்தில் உறுப்பினராகிற முதல் வாரத்திலேயே இதைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஓர் எச்சரிக்கை. இரண்டாமவன் உற்சாகத்தில் காவல் நிற்கும் இடங்களைக்கூடக் குறித்து ஒரு படம் போட்டிருந்தான். அவன் அப்பா அதைப் பார்த்தார், பாராட்டினார், வாங்கிக் கிழித்துப்போட்டார். எதை வரையக்கூடாது என்பதையும் நம் பிள்ளைகள் கற்றாக வேண்டும்.

அப்பா தூரத்தில் இருக்கும் மாதங்களுக்கு, போகுமுன்னே அவர் குரலில் ஒரு புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பதிவுசெய்து வாங்கிக்கொள்வேன். போன் கிடைக்கும் நேரத்தை நம்ப முடியாது, பதிவை நம்பலாம். அவர் திரும்பி வரும் வாரம் பாடம் கிடையாது. முயன்று பார்த்திருக்கிறேன், வீண்.

பதினான்கு வயதானால் பொதுத்தேர்வு பற்றி யோசிக்க வேண்டும். ஊரோடு கட்டிப்போடாத தேர்வாக இருக்கட்டும். இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்பு உண்டு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. நடுவில் ஆர்டர் வந்தால் மிச்சத்தை அடுத்த முறைக்குத் தள்ளலாம்.

பாடத்தைவிடக் கஷ்டம் நட்புதான். அதற்கு என்னிடம் வழிமுறை இல்லை. வந்து சேர்ந்த மறுநாளே பந்தோடு நால்வரையும் வெளியே அனுப்பிவிடுவேன், பெட்டி பிரிப்பது அப்புறம். பெரியவர்கள் பழைய சிநேகிதர்களுக்கு எழுதும் கடிதத்தை எழுத்துப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வேன். திருத்த மாட்டேன்.

போன வருடம் கணவர் எட்டு மாதம் இல்லை, எனக்கும் உடம்பு சரியில்லை. நடு இரண்டு பேரையும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தேன். தோற்றுவிட்டதாகச் சிலர் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளிடம் ஒரே நிபந்தனை போட்டேன்: பள்ளியில் என்ன பாடம் நடந்தாலும், நம் கணக்கு நோட்டில் தினம் ஒரு பக்கம், விட்ட எண்ணிலிருந்து.